அரிசி, பருப்பு மற்றும் ஒரு சந்தேகம்

ஜனவரி 5 (வாசகர் கேள்வி)

"அரிசி, பருப்பு, புளி மற்றும் மிளகாய் வாங்கினேன்." இதில் புளிக்குப் பிறகு காற்புள்ளி வேண்டுமா, வேண்டாமா? மகளின் கட்டுரை நோட்டில் ஓர் ஆசிரியர் போடச் சொல்கிறார், இன்னொருவர் சிவப்பு மையால் அடித்துவிடுகிறார். அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர் என்று சொல்லிக்கொள்கிறீர்களே, ஒரே வரியில் பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஜனவரி 5, மாலை

ஒரே வரி: காற்புள்ளி கிடக்கட்டும், அந்த 'மற்றும்' எதற்கு?

"அரிசி, பருப்பு, புளி, மிளகாய் வாங்கினேன்." முடிந்தது. இல்லையென்றால் "அரிசியும் பருப்பும் புளியும் மிளகாயும் வாங்கினேன்." இதற்குக் காற்புள்ளியே தேவையில்லை. ஒவ்வொரு சொல்லின் வாலிலும் 'உம்' உட்கார்ந்து, இங்கே ஒன்று முடிந்தது, அடுத்தது வருகிறது என்று சொல்லிவிடுகிறது. உம் போட்டு, அதன்மேல் காற்புள்ளியும் போடுவது, தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுப்பது மாதிரி.

ஜனவரி 5, இரவு

சாப்பிட்டுவிட்டு வந்து படித்தால் கடைசி வாக்கியம் இடிக்கிறது. அவசரத்தில் எழுதியது. இதைப் பாருங்கள்:

"விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவரும், மதியம் சந்தையில் வாழைத்தார் விற்றவரும், இரவில் கூத்துக்கு மத்தளம் அடித்தவரும் ஒரே ஆள்தான்."

இங்கே உம்மும் இருக்கிறது, காற்புள்ளியும் இருக்கிறது. எடுத்தால் மூச்சு முட்டும். ஆகவே உறுப்புகள் நீண்டால் நாற்காலியும் வேண்டும். "அன்னையும், தந்தையும்" என்று இரண்டே சொல்லுக்கு நடுவில் போடுகிறவர்களிடம்தான் என் சண்டை. அப்படிப் போடுகிறவர்கள் நாளிதழ்களில் ஏராளம்.

ஜனவரி 7

எதிர்பார்த்த கடிதம் வந்துவிட்டது. "மற்றும் தமிழ்ச் சொல்தானே, அதன்மேல் ஏன் இத்தனை காழ்ப்பு?"

தமிழ்ச் சொல்தான். தொல்காப்பியத்திலேயே 'மற்று' இருக்கிறது. அங்கே அதற்கு வேலை இரண்டு: ஒரு வினையிலிருந்து வேறொன்றுக்கு மாறுவதைக் காட்டுவது, இல்லையென்றால் வெறும் அசைநிலை, அதாவது தனிப் பொருள் இல்லாமல் இடம் நிரப்புவது. நன்னூல் 'பிறிது' என்ற பொருளையும் சேர்த்தது. 'மற்றவர்', 'மற்றொன்று' என்று நாம் சொல்வது அதிலிருந்துதான். எங்கும் அது இரண்டு பெயர்களை ஒட்டும் பசையாக இருந்ததில்லை. ஆங்கிலத்தின் 'அண்ட்' உட்கார்ந்திருந்த இடத்தில் இதைக் கொண்டுபோய் உட்கார வைத்தது மொழிபெயர்ப்பு.

ஆனால் நம் வாய் இன்னும் கெட்டுப்போகவில்லை. சட்டம் ஒழுங்கு என்கிறோம், 'சட்டம் மற்றும் ஒழுங்கு' என்றால் நாக்கு நொண்டுகிறது. இந்து சமய அறநிலையத் துறையின் ஆங்கிலப் பெயரில் ஓர் 'அண்ட்' உண்டு. தமிழில் அதைக் காணோம், யாரும் தேடவும் இல்லை. அதே அரசின் இன்னொரு துறை 'மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை'. முதல் பெயரை வைத்தவருக்குக் காது இருந்திருக்கிறது.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

மேலே 'மற்றும்' போடுகிறவர்களோடு சண்டை பிடித்தேனே, அவர்களில் நானும் ஒருவன். பழைய கோப்புகளைப் புரட்டினேன். பதினைந்து வருடங்களுக்கு முன் நான் திருத்திக் கொடுத்த ஒரு கோயில் மலரில் பக்கத்துக்கு நான்கு 'மற்றும்' இருக்கின்றன.

ஜனவரி 10

இன்று கொஞ்சம் நீளும்.

காற்புள்ளி இல்லாத காலத்தில் எப்படிப் பட்டியல் போட்டார்கள்? ஓலைச்சுவடியில் காற்புள்ளி கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பல சுவடிகளில் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். நிறுத்தக்குறிகள் அச்சோடு வந்து சேர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டில் அவற்றை உரைநடையில் ஒழுங்காகக் கையாண்டவர் என்று ஆறுமுக நாவலரைச் சொல்வார்கள்.

அதற்கு முன்? நன்னூல் இடையியலில் ஒரு நூற்பா இதற்கென்றே இருக்கிறது.

பெயர்ச்செவ் வெண்ஏ என்றா எனாஎண்
நான்கும் தொகைபெறும் உம்மை என்றுஎன ஓடு
இந்நான்கு எண்ணும் அஃதுஇன்றியும் இயலும்

விரித்துச் சொன்னால்: பெயர்களை இடைச்சொல் ஏதும் இல்லாமல் வெறுமனே அடுக்கினால் அதற்குப் பெயர் செவ்வெண். அப்படி அடுக்கினால் கடைசியில் ஒரு கூட்டுத்தொகை கட்டாயம் வர வேண்டும், மூவரும், நான்கும், ஆறும் என்று. 'உம்' போட்டு அடுக்கினால் தொகை வரலாம், வராமலும் இருக்கலாம்.

நாம் இன்று காற்புள்ளி போட்டு எழுதும் "அரிசி, பருப்பு, புளி" இருக்கிறதே, அது அசல் செவ்வெண். நன்னூலை எழுதிய பவணந்தியார் கையில் சிவப்புப் பேனா இருந்தால் என் முதல் பதிலையே திருத்தியிருப்பார்: "அரிசி, பருப்பு, புளி, மிளகாய் நான்கும் வாங்கினேன்."

சும்மா சம்பிரதாயத்துக்கு வைத்த விதி என்றுதான் நானும் நெடுநாள் நினைத்தேன். குறளைப் பார்த்தபோதுதான் அதன் வேலை புரிந்தது.

கொடையளி செங்கோல் குடியோம்பல் நான்கும்
உடையானாம் வேந்தர்க் கொளி

முதல் அடியில் 'நான்கும்' என்பதற்கு முன் மூன்று சீர்கள் நிற்கின்றன. கொடையளி, செங்கோல், குடியோம்பல். எல்லாமே கூட்டுச்சொல் போலத்தான் தெரிகின்றன. எதை உடைப்பது, எதை அப்படியே விடுவது? 'நான்கும்' என்று எண் வந்து சொல்கிறது: ஒன்றை மட்டும் உடை. கொடை, அளி என்று பிரித்தால் கணக்குச் சரி. காற்புள்ளி செய்ய வேண்டிய வேலையை இந்த எண் செய்கிறது.

இதே வித்தை "அஞ்சாமை ஈகை அறிவூக்கம் இந்நான்கும்" என்பதிலும் உண்டு. 'அறிவூக்கம்' என்று ஒரு பண்பு இருக்கிறதோ என்று மயங்குகிறவனை நான்கு என்ற எண் இழுத்துப் பிடிக்கிறது. "படைகுடி கூழ்அமைச்சு நட்பரண் ஆறும்" என்பதில் இரண்டிரண்டாகக் கட்டிய மூன்று முடிச்சுகள். ஆறு என்றதும் மூன்றும் அவிழ்ந்துவிடுகின்றன.

உம் வந்தால் எண் தேவையில்லை என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு: "அன்பும் அறனும் உடைத்தாயின்." எண்ணிக்கை இல்லை, குழப்பமும் இல்லை. விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்பதற்கு நாமெல்லாம் முதல் வகுப்பிலேயே பாடியது போதும். பாலும் தெளிதேனும் பாகும் பருப்பும், இவை நாலும்.

ஜனவரி 11

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: "ஒரே வரி கேட்டேன்."

ஜனவரி 11, இரவு

சரி, அவருக்காகக் கதை சொல்கிறேன்.

மதுரையில் ஒரு சின்ன அச்சகம், ஈய எழுத்துக் கோத்த காலத்தின் கடைசி வருடங்கள். கல்யாண அழைப்பிதழ் ஒன்று. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே தாய்மாமன்மார் பெயர்கள்: முருகேசன், அழகர்சாமி, செல்லத்துரை. கம்போசிங் செய்தவர் 'அழகர்' என்று கோத்து, வரி நிறைய வேண்டுமே என்று ஒரு காற்புள்ளி வைத்து, 'சாமி' என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். புரூஃப் பார்த்தவன் நான். 'அழகர், சாமி' என் கண்ணுக்கு இரண்டு நல்ல பெயர்களாகவே தெரிந்தன.

ஐந்நூறு அழைப்பிதழ் போய்ச் சேர்ந்த பிறகு அழகர்சாமியே நேரில் வந்தார். கோபம் இல்லை, அதுதான் வேதனை. அழைப்பிதழை மேசையில் வைத்து, "தம்பி, எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். இந்த நாலாவது ஆள் யார் என்று சொன்னால் அவருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவேன்" என்றார்.

கீழே 'ஆகிய மூவரும்' என்று ஒரு சொல் இருந்திருந்தால் பிடித்திருப்பேன். நன்னூல் அன்று நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் அந்த மாதச் சம்பளத்தில் கை வைத்திருக்க மாட்டார்கள்.

ஜனவரி 13

கதைக்கு இரண்டு மறுமொழிகள். ஒருவர், "அழகர்சாமி சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள்" என்கிறார். நான் அப்படி எழுதவில்லை. கோபம் இல்லை என்றேன்.

இன்னொருவர் உருப்படியான கேள்வி கேட்டிருக்கிறார்: ஈய எழுத்துக் காலத்தில் காற்புள்ளி தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்?

தீரும். கும்பாபிஷேக நன்கொடைப் பட்டியல் வந்தால் கட்டாயம் தீரும், ஒரே பக்கத்தில் இருநூறு பெயர். பெட்டியில் காற்புள்ளி அறை காலியானதும், நடுவில் வெற்று ஈயத் துண்டை வைத்து இடைவெளி மட்டும் விட்டுவிடுவோம். வேடிக்கை என்னவென்றால், யாருக்கும் எதுவும் குழம்பாது. நம் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வருகிறது அல்லவா? "சு. ராமன் கோ. வேலு மு. கண்ணன்" என்று படித்தாலே அடுத்த ஆள் எங்கே தொடங்குகிறார் என்று தெரிந்துவிடும். தலைப்பெழுத்து இல்லாத நன்கொடையாளர்தான் ஆபத்து. அவர் முன்னவரோடு ஒட்டிக்கொள்வார்.

ஜனவரி 14

பொங்கல். வெட்கக்கேடான ஒரு செய்தி.

வீட்டில் கடைச் சீட்டு எழுதுவது மனைவி. அவர் காற்புள்ளியே போட மாட்டார், வரிக்கு ஒரு பொருளும் கிடையாது, எல்லாம் ஒரே ஓட்டம்: வெல்லம் முந்திரி ஏலக்காய் பச்சரிசி மாவு மஞ்சள் கொத்து கரும்பு. முப்பது வருடமாகக் கடைக்காரர் ஒருமுறைகூடப் பிழை செய்ததில்லை. இந்த வருடம் நான் உதவி செய்கிறேன் என்று கைப்பேசியில் தட்டி, ஒழுங்காகக் காற்புள்ளி வைத்து அனுப்பினேன்.

கடைப் பையன் கூப்பிட்டான். "ஐயா, பச்சரிசி ஒரு கிலோ கட்டிவிட்டேன். மாவு என்று போட்டிருக்கிறீர்களே, கோதுமையா, மைதாவா?"

கோலத்துக்கு வேண்டியது பச்சரிசி மாவு. நடுவில் காற்புள்ளி வைத்தவன் புரூஃப் ரீடர். அதற்கு அடுத்ததை நானே பார்த்துத் திருத்திவிட்டேன்: மஞ்சள், கொத்து.

ஜனவரி 17

பண்டிகை முடிந்தது. இனி, யாரும் கேட்காத, ஆனால் அன்றாடம் இடிக்கிற இடம்: வேற்றுமை உருபு.

"மதுரை, திருச்சி, கோவையில் மழை." தலைப்புச் செய்திக்கு இது பரவாயில்லை, இடம் குறைவு. ஆனால் 'இல்' கோவையில் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. மதுரையும் திருச்சியும் அந்தரத்தில் தொங்குகின்றன. 'ஆகிய' வந்து காப்பாற்றுகிறது: "மதுரை, திருச்சி, கோவை ஆகிய ஊர்களில் மழை." பொதுவாக ஒரு சொல் வந்து மூன்றையும் கூட்டிக் கட்டுகிறது, உருபு அந்தக் கட்டின்மேல் ஏறுகிறது. செவ்வெண் தொகை பெறும் என்ற பழைய விதி வேட்டி மாற்றிக்கொண்டு வந்திருப்பதுதான் இந்த 'ஆகிய' என்பது என் எண்ணம்.

உருபு கடைசியில் மட்டும் வந்தால் என்ன கேடு என்கிறவர்கள் இதைப் படிக்கட்டும்:

"மாணவர்கள் ஆசிரியர்களுக்குப் பரிசு வழங்கினர்."
"மாணவர்கள், ஆசிரியர்களுக்குப் பரிசு வழங்கினார்."

முதலாவதில் பரிசு கொடுத்தவர்கள் மாணவர்கள். இரண்டாவதில் அவர்களும் வாங்கிக்கொண்டவர்கள், கொடுத்தவர் மேடையில் இருந்த வேறு யாரோ. ஒரு காற்புள்ளியும் ஒரு கால் எழுத்தும்தான் வித்தியாசம். போதாததற்கு, எழுவாய்க்குப் பிறகு காற்புள்ளி வைக்கும் பழக்கம் நம் நாளிதழ்களில் உண்டு. "மாணவர்கள், ஆசிரியர்களுக்குப் பரிசு வழங்கினர்" என்று ஒருநாள் வந்தால் வினைமுற்று வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். "மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்" என்று எழுத மூன்று எழுத்து கூடுதலாகும். தாளின் விலை அவ்வளவா ஏறிவிட்டது?

ஜனவரி 17, பின்குறிப்பு

ஆகிய, முதலிய, போன்ற மூன்றும் ஒன்றல்ல. ஆகிய என்றால் பட்டியல் மூடிவிட்டது. முதலிய என்றால் இன்னும் இருக்கிறது. போன்ற என்பது அவற்றை ஒத்த வேறு சில. "காந்தி, நேரு போன்ற தலைவர்கள்" என்றால் கறாராகப் பார்த்தால் காந்தியும் நேருவும் அதில் இல்லை. இவ்வளவு கறாராகப் பார்த்தால் நண்பர்கள் மிஞ்ச மாட்டார்கள் என்பது அனுபவம்.

ஜனவரி 18

"பாட்டி, பேத்தி, நாய்க்குட்டி ஆகியோரா, ஆகியவையா?" என்று ஒரு குறும்பர். திணை கலந்த பட்டியலுக்கும் நன்னூல் வழி சொல்லியிருக்கிறது: சிறப்பாலோ மிகுதியாலோ இழிவாலோ ஒன்றன் முடிபை எல்லாமும் ஏற்கும். பாட்டியின் சிறப்பில் நாய்க்குட்டியும் 'ஆகியோர்' ஆகிவிடும். எங்கள் வீட்டில் நாய்க்குட்டியின் சிறப்பில்தான் மற்றவர்கள்.

ஜனவரி 21

வெளிநாட்டில் இருக்கும் வாசகர் ஒருவர், "ஆங்கிலத்தில் கடைசிக் காற்புள்ளிக்காக வழக்கே நடந்ததே, நீங்கள் ஏன் அதைப் பேசவில்லை?" என்கிறார். பேசலாம், ருசியான வழக்கு.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலம். ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் கூடுதல் நேரச் சம்பளம் கேட்டார்கள். எந்தெந்த வேலைக்கு அது கிடையாது என்று மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் போட்டிருந்தது: உணவைப் பதப்படுத்துவது, உறைய வைப்பது, உலர்த்துவது, சேமிப்பது என்று போய், கடைசியில் அனுப்புவது, விநியோகிப்பது, பொட்டலம் கட்டுவது மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட ஒரு தொடர். அங்கே 'ஆர்' (அல்லது) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முன் காற்புள்ளி இல்லை. அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பொட்டலம் கட்டும் வேலையா, அல்லது பொட்டலம் கட்டுவது ஒரு வேலை, விநியோகிப்பது இன்னொரு வேலையா? ஓட்டுநர்கள் விநியோகித்தார்கள், பொட்டலம் கட்டவில்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் தெளிவாக இல்லை, ஆகவே தொழிலாளர் பக்கம் சாய வேண்டும் என்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம். பிறகு சட்டமன்றம் அந்த வரியைத் திருத்தி, காற்புள்ளி இருந்த இடங்களில் எல்லாம் அரைப்புள்ளி போட்டுவிட்டது. சூடுபட்ட பூனை.

அந்தத் தொடரைத் தமிழாக்க ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்தேன். "அனுப்புவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ பொட்டலம் கட்டுதல்" என்று ஒன்று வருகிறது. "அனுப்புவதற்காகப் பொட்டலம் கட்டுதல், விநியோகித்தல்" என்று இன்னொன்று வருகிறது. இரண்டுக்கும் பொதுவாக, மயக்கத்தை அப்படியே வைத்து ஒரு வாக்கியம் செய்ய எனக்கு வரவில்லை. 'ஓ' ஒவ்வொரு சொல்லிலும் தனித்தனியாக ஒட்டுவதால், எது எதோடு சேர்ந்தது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டியிருக்கிறது. அந்த ஓட்டுநர்களுக்குத் தமிழ்ச் சட்டம் இருந்திருந்தால் 50 லட்சம் டாலர் கிடைத்திருக்காது. அல்லது வழக்கே இல்லாமல் சம்பளம் கிடைத்திருக்கும்.

ஜனவரி 24

பத்தாம் தேதி எழுதியதில் ஒரு தற்பெருமை இருந்தது. எண் வந்தால் எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிடும் என்ற தொனி. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர் சத்தமில்லாமல் ஒரு குறளை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார், வேறு ஒரு சொல்லும் இல்லை.

வன்கண் குடிகாத்தல் கற்றறிதல் ஆள்வினையோடு
ஐந்துடன் மாண்டது அமைச்சு

எண்ணிப் பாருங்கள். வன்கண், குடிகாத்தல், கற்றறிதல், ஆள்வினை. நான்குதான். ஐந்து எங்கே? பரிமேலழகர் நான்கை நான்காகவே வைத்துக்கொண்டு, ஐந்து என்பது முந்தைய குறளில் சொல்லிவிட்ட அங்கங்கள் என்கிறார். மு. வரதராசன் 'குடிகாத்தல்' என்பதைக் குடி, காத்தல் என்று உடைத்து, குடிப்பிறப்பும் காக்கும் திறனும் என ஐந்தைத் தேற்றிவிடுகிறார். ஒருவர் உரையில் அமைச்சன் குடிகளைக் காக்கிறான், இன்னொருவர் உரையில் நல்ல குடியில் பிறந்திருக்கிறான். நடுவில் ஒரே ஒரு காற்புள்ளி, அதை வைப்பதா வேண்டாமா என்று எண்ணால்கூடச் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பரிமேலழகர் பக்கம் சாயத் தோன்றுகிறது, 'குடிகாத்தல்' உடைபடும்போது காதில் நறநறவென்கிறது. ஆனால் அவர் வழியில் ஐந்தைத் தேடி முந்தைய குறளுக்கு நடக்க வேண்டியிருக்கிறது. தமிழாசிரியர் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

ஜனவரி 25

கேள்வி கேட்டவருக்கு, உங்கள் மகளுக்காக: 'மற்றும்' போட்டே தீர வேண்டும் என்று பள்ளியில் சொன்னால், அதற்கு முன் காற்புள்ளி வேண்டாம். ஒட்டவும் ஒரு சொல், வெட்டவும் ஒரு குறி என்று ஒரே இடத்தில் இரண்டு எதற்கு? ஆனால் பெயருக்குப் பின் 'எம்.ஏ., பி.எட்.,' என்று கடைசியிலும் ஒரு காற்புள்ளியைத் தொங்கவிடும் பழக்கத்தை மட்டும் அவள் கற்றுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பட்டத்துக்கு இடம் போட்டு வைத்தது மாதிரி இருக்கும்.

பிப்ரவரி 2

பழைய அச்சகத்திலிருந்து ஓர் அழைப்பிதழ் புரூஃப் அனுப்பியிருந்தார்கள், பழகிய கண் என்று. கீழே ஒன்பது பெயர்கள். அழகர்சாமி நினைவுக்கு வந்தார். விரல் விட்டு இரண்டு முறை எண்ணிவிட்டு, 'ஆகிய ஒன்பது பேரும்' என்று சேர்க்கச் சொன்னேன். மணமகளின் பாட்டி ஒப்புக்கொள்ளவில்லையாம். வீட்டு மனிதர்களை எண்ணி அச்சில் போட்டால் கண் பட்டுவிடுமாம்.

பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டோம். காற்புள்ளி ஒன்றுகூட இல்லை.